நிறத்தைக் கேட்டேனா நான்?

குழாயில் திரவம் ஓடவிட்டுச் சூட்டைத் தணிக்கும் வாட்டர் கூலிங் கம்ப்யூட்டருக்கு அந்தத் திரவத்தை, அதாவது கூலன்ட், கேட்டால் எல்லோரும் நிறத்தைத்தான் காட்டுகிறார்கள். பால் வெள்ளை, ரோஸ், யூவி விளக்கில் மினுங்கும் பச்சை! வெப்பத்தை இழுத்துக்கொண்டு போவதில் டிஸ்டில்டு வாட்டரை இவை மிஞ்சப்போவதில்லை. பால்போல் இருக்கும் வகையிலோ மிதக்கும் துகள்கள், சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் வாட்டர் பிளாக்கின் மெல்லிய செம்புத் தகடுகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். அதைப் பாட்டிலில் யார் எழுதுகிறார்கள்? 'மின்சாரம் கடத்தாது' என்பது மட்டும் கொட்டை எழுத்தில். கொஞ்ச நாள் ஓடி உலோக அயனிகள் சேர்ந்தால் அதுவும் கடத்தும், சாமி!

சரி, தண்ணீரே ஊற்றலாம் என்றால், பாசி பிடிக்காமலிருக்க ஒரு மருந்து, அரிப்பைத் தடுக்க இன்னொன்று. ரேடியேட்டர் அலுமினியம், வாட்டர் பிளாக் செம்பு என்று இரண்டு உலோகம் அமைந்துவிட்டால் அரிப்பைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் வருடத்துக்கு ஒரு முறையாவது மொத்தத்தையும் வடித்துக் கொட்டிவிட்டுப் புதுசு வாங்க வேண்டுமாம்.