அது 1857-இல் நேரில் பார்த்து வரைந்த படம் அல்ல

சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டியிருக்கும் அந்த ஓவியத்தை "1857-இல் ரஷ்ய ஓவியர் கண்ணால் பார்த்து வரைந்தது" என்று மேலே உள்ள பதிவின் தலைப்பில் போட்டிருக்கிறீர்கள். அது சரியில்லை.

வரைந்தவர் வசிலி வெரெஷாகின். பிறந்தது 1842. 1857-இல் அவர் ரஷ்யாவில் படித்துக்கொண்டிருந்த சிறுவன். இந்தியாவுக்கு முதலில் வந்ததே 1874-இல்தான். படம் 1880-களில் வரையப்பட்டது. சிப்பாய்களின் உடையைப் பாருங்கள், 1857-இன் சீருடை இல்லை. சாதாரண வெள்ளை உடை, தலைப்பாகை. பிரிட்டிஷ் வீரர்களின் உடையும் பிற்காலத்தது. 1872 ஜனவரியில் பஞ்சாபின் மாலேர்கோட்லாவில், பிரிட்டிஷாரை எதிர்த்த கூகா என்ற சீக்கியப் பிரிவினரைப் பீரங்கியில் கட்டிச் சுட்டார்களே, அதோடுதான் இந்தப் படத்தைப் பலர் தொடர்புபடுத்துகிறார்கள். அதையும் அவர் நேரில் பார்க்கவில்லை.

அதற்காகப் படமே கற்பனை என்று கீழே ஒருவர் சொல்வதும் தப்பு. இந்தத் தண்டனை 1857-இல் பல ஊர்களில் நடந்தது. நம் வேலூரில் 1806 கலகத்துக்குப் பிறகும் நடந்தது.

அப்புறம், இந்தப் படமே "ரஷ்யப் பிரச்சாரம்" என்று இன்னொருவர் போட்ட பதில். மரண தண்டனை பற்றி அவர் வரைந்த மூன்று படங்களில் இது ஒன்று. இன்னொன்று ரோமானியர்களின் சிலுவையேற்றம். மூன்றாவது, ரஷ்ய அரசு தன் சொந்தச் சதிகாரர்களைத் தூக்கிலிடும் காட்சி! ஜார் ஆட்சிக்குப் பிரச்சாரம் செய்கிறவர் அதை ஏன் வரையப் போகிறார்?

தலைப்பில் "1880-களில் வரையப்பட்டது" என்று மட்டும் மாற்றிவிடுங்கள், போதும்.