திரைக்குப் பின்னால் நின்றவர்கள்

நேற்று அந்தப் பதிவின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புதுப் பாட்டுகளுக்குப் பிரபலங்கள் தீர்ப்புச் சொல்லும் பிபிசியின் பழைய டிவி நிகழ்ச்சி ‘ஜூக் பாக்ஸ் ஜூரி’யின் புகைப்படத்தைப் போட்டு, “இதுதான் கண்ணியம், இன்றைய நடுவர்கள் இவர்களிடம் பிச்சை வாங்க வேண்டும்” என்று நண்பர் எழுதியிருந்தார். நான் ஒரே ஒரு வரி எழுதினேன்: அங்கே மரியாதை நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் கிடைத்தது, பாட்டுக்கு இல்லை. அதற்கு வந்த வசவுகளைத் திரும்ப எழுதப்போவதில்லை. ஆனால் ‘பழசைத் திட்டிப் பேர் வாங்கப் பார்க்கிறான்’ என்றது வலித்தது. இருபது வருடமாக அந்தக் காலத்து இசைத்தட்டுகளோடு குடும்பம் நடத்துகிறவன் நான்.

சரி, அங்கே என்ன நடந்தது? 1959 ஜூன் 1-ல் தொடங்கி 1967 கடைசி வரை ஓடிய நிகழ்ச்சி. டேவிட் ஜேக்கப்ஸ் தொகுப்பாளர். நான்கு பிரபலங்கள் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்த இசைத்தட்டைக் கொஞ்சம் ஓடவிடுவார்கள். அது ஓடும்போது கேமரா அவர்கள் முகத்தையும் பார்வையாளர்கள் முகத்தையும் காட்டும். யார் தலையாட்டுகிறார், யார் உதட்டைப் பிதுக்குகிறார் என்று நாடே பார்க்கும். அப்புறம் தீர்ப்பு. ஹிட் என்றால் மணி, மிஸ், அதாவது ஓடாது என்றால் ஹாரன். பாடகர், நடிகர், நகைச்சுவைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் நடுவராக வருவார்கள். இசை தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முகம் தெரிந்திருந்தால் போதும்.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். என்னால் விட முடியாதது அந்தத் திரை. சில வாரங்களில் அந்தப் பாட்டைப் பாடியவரையே திரைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பார்கள். நால்வரும் கிழித்துத் தொங்கவிட்ட பிறகு அவர் சிரித்துக்கொண்டே வெளியே வர வேண்டும், ஒவ்வொருவருக்கும் கை கொடுக்க வேண்டும். கண்ணியம் என்கிறீர்களே, இதிலே எங்கே இருக்கிறது கண்ணியம்? நல்ல ஆங்கிலத்தில் சொன்னால் அவமானம் அவமானமில்லை என்று ஆகிவிடுமா?

1963 டிசம்பர் 7 ஒளிபரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். லிவர்பூல் எம்பயர் தியேட்டர், நடுவர் நாற்காலியில் பீட்டில்ஸ் இசைக்குழுவின் நால்வரும். இரண்டு கோடிக்கு மேல் மக்கள் பார்த்தார்கள். பீட்டில்ஸ் எனக்கு உயிர், என் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்கு அது தெரியும். ஆனால் அன்று ‘ஆர்க்கிட்ஸ்’ என்ற குழுவின் தட்டும் வந்தது. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரைச் சேர்ந்த பள்ளிக்கூடப் பெண்கள். பீட்டில்ஸ் அதை மிஸ் என்றார்கள். அந்தப் பெண்கள் அதே அரங்கில் உட்கார்ந்திருந்தார்கள். தீர்ப்பு முடிந்த பிறகுதான் அது சொல்லப்பட்டது. அவர்கள் இருப்பது பீட்டில்ஸுக்குத் தெரியாது, அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. அப்படி ஒரு பொறியை வைத்தவர்களைத்தான் சொல்கிறேன். 1962 ஜனவரி 1 அன்று டெக்கா என்ற இசைத்தட்டுக் கம்பெனியில் பாடிக் காட்டி, வேண்டாம் என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இதே பீட்டில்ஸ். இரண்டு வருடம்கூட ஆகவில்லை, அவர்கள் கையிலேயே தீர்ப்பைக் கொடுத்துவிட்டார்கள்.

தீர்ப்பாவது சரியாக இருந்ததா? அதே நாளில் அமெரிக்கப் பாடகர் பாபி வின்டனின் ஒரு பாட்டுக்கும் மிஸ் விழுந்தது. அடுத்த மாதம் அமெரிக்காவில் அது நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதை இறக்கியது யார் தெரியுமா? பீட்டில்ஸ் பாட்டுதான்.

என் கோபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவர்களுக்கு இதையும் சொல்கிறேன். என் அக்கா பதினொன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி ஆண்டுவிழாவில் பாட்டுப் போட்டி. சின்னத்திரை முகம் ஒருவர் நடுவராக வந்திருந்தார். அவர் முன்னால் ஆபீஸ் மேஜையில் இருக்குமே, தலையில் தட்டினால் டிங் என்னும் மணி, அதை வைத்திருந்தார்கள். அக்கா பல்லவியை முடித்து அனுபல்லவிக்கு மூச்சை இழுத்தாள். டிங். அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை, பக்கத்தில் இருந்தவரிடம் எதையோ சொல்லிக்கொண்டே தட்டினார். இழுத்த மூச்சை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் வாயைத் திறந்தபடி நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. உச்சரிப்பில் கிராமத்து வாடை அடிக்கிறது என்று மைக்கில் வேறு சொன்னார்கள். அதற்குப் பிறகு அவள் மேடை ஏறவே இல்லை. வீட்டிலும் யாராவது வந்தால் பாட்டை நிறுத்திவிடுவாள்.

‘அது வெறும் பொழுதுபோக்கு, இவ்வளவு யோசிக்க வேண்டுமா?’ என்று ஒருவர். யாருக்குப் பொழுதுபோக்கு? வீட்டில் டீ குடித்துக்கொண்டு பார்த்தவருக்கு. ‘சந்தை இதைவிடக் கொடூரமானது’ என்று இன்னொருவர். இருக்கலாம். ஆனால் சந்தை ஹாரன் அடிக்காது, கை கொடுக்கச் சொல்லாது. ‘பெரும்பாலான ஒளிப்பதிவுகளே மிச்சம் இல்லை, எதைப் பார்த்துப் பேசுகிறாய்?’ என்று கேட்டவருக்கு: மிச்சம் இல்லாததை வைத்துத்தானே நீங்களும் பொற்காலம் என்கிறீர்கள்? என்னிடம் மட்டும் ஏன் ஆதாரம் கேட்கிறீர்கள்?

‘1964-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழு நடுவர்களாக வந்து எல்லாவற்றையும் மிஸ் என்று சொல்லி அந்த நிகழ்ச்சியையே கலாய்த்துவிட்டார்களே, ரசிக்கவில்லையா?’ என்றும் கேட்டார்கள். இல்லை. நிகழ்ச்சியைக் கலாய்க்க அடுத்தவன் பாட்டைப் பலி கொடுத்ததில் ரசிக்க என்ன இருக்கிறது?

தீர்ப்பே சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதே காலத்தில் ஐடிவி என்ற இன்னொரு பிரிட்டிஷ் சேனலில் ‘தேங்க் யுவர் லக்கி ஸ்டார்ஸ்’ என்ற பாட்டு நிகழ்ச்சி வந்தது. அதில் சாதாரணப் பிள்ளைகள் புதுத் தட்டுகளுக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். அங்கே வந்தவள்தான் ஜேனிஸ் நிக்கல்ஸ். பதினாறு வயது, இங்கிலாந்தில் வெட்ன்ஸ்பரி என்ற ஊரில் ஆபீஸில் வேலை பார்த்த பெண். ‘நான் இதுக்கு அஞ்சு குடுப்பேன்’ என்பதைத் தன் ஊர் வழக்கிலேயே சொன்னாள். நாடு முழுக்க அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தது. சிரித்தவர்கள் ஒன்றை மறந்துவிட்டார்கள். அந்த இசைத்தட்டைத் தன் சம்பளத்தில் வாங்கப்போவது அவளை மாதிரிப் பெண்தான். அவளுக்குப் பிடித்தால் மனசு நிறைய ஐந்தைத் தூக்கிக் கொடுத்தாள். அவள் பேச்சில் வாடை அடித்தது என்றால் அடிக்கட்டும். அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். என் அக்கா பேச்சிலும் அடித்தது, என் பேச்சிலும் அடிக்கிறது.

நான் எழுதிய அந்த வரியை எடுத்துவிடச் சொல்லி இன்பாக்ஸில் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். எடுக்க மாட்டேன். ஆர்க்கிட்ஸ் பாடிய அந்தப் பாட்டின் பெயர் ‘லவ் ஹிட் மீ’. தேடினால் கிடைக்கும். நடுவில் நிறுத்தாமல், கடைசி வரை ஒரு தடவை கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து என்னைத் திட்டுங்கள்.