படகு கட்டுகிற சாலை வரியை பேட்டரி கார் கட்டினால் என்ன?

பேட்டரி வண்டிக்காரன் ஓசியில் ரோட்டில் ஓட்டுகிறான் என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கும், புகையே விடாத எங்களிடமா வரி கேட்கிறீர்கள் என்று கோபப்படுகிறவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். வண்டி என்ன குடிக்கிறது என்றே ரெண்டு பேரும் பார்க்கிறீர்கள். எவ்வளவு கனம், எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று பாருங்கள்.

தங்கச்சிமடத்தில் மீன் எடுத்து உச்சிப்புளி பக்கம் தெருத்தெருவாக விற்கிறவர், எக்செல் வண்டிக்குப் போடும் ஒவ்வொரு லிட்டர் பெட்ரோலிலும் மாநிலத்துக்கு 13 சதவீதமும் அதற்கு மேல் 11 ரூபாய் 52 காசும் கட்டுகிறார். மத்திய கலால் வரி தனி, அதற்குள்ளே சாலை செஸ்ஸும் (சாலை வேலைக்கென்று வாங்கும் கூடுதல் வரி) இருக்கிறது. இந்தப் பக்கம், 2023-இல் வந்த தமிழ்நாட்டு மின்வாகனக் கொள்கை 2025 கடைசி வரை நூறு சதவீத சாலை வரி விலக்கு என்றது. ஒரு லட்சம் ரூபாய் ஸ்கூட்டர் வாங்கியவருக்கு அதில் மிச்சம் பத்தாயிரம். 25 லட்சத்துக்குக் கார் வாங்கியவருக்கு? பெட்ரோல் காராக இருந்தால் 20 சதவீதம், அதாவது ஐந்து லட்சம் கட்டியிருக்க வேண்டும், அவ்வளவும் மிச்சம். சலுகைக் காலத்தை நீட்டினாலும் சுருக்கினாலும் இந்தக் கோணல் அப்படியேதான் இருக்கும்.

இதைவிடக் கூத்து கடலில். நம் மீனவர்களுக்கு மாநில விற்பனை வரி இல்லாத டீசல் கிடைக்கிறது, நியாயம்தான். ஆனால் மத்திய கலால் வரி போவதில்லை, அதோடு சாலை செஸ்ஸும் ஒட்டிக்கொண்டு வருகிறது. விசைப்படகு பாம்பன் பாலத்துக்குக் கீழேதானய்யா போகிறது, மேலே ஏறி எப்போது போனது?

சரி, ரோட்டை உடைப்பது யார்? 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இதற்கென்றே சாலை போட்டு, அதில் லாரிகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஓர் அச்சின் மேல் விழும் பாரம் இரண்டு மடங்கானால் சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்கு என்று தெரிந்தது. வாலிநோக்கத்து உப்பு லாரிக்கு முன்னால் ஸ்கூட்டரெல்லாம் ஒரு கணக்கே இல்லை, அது பேட்டரியில் ஓடினாலும் பெட்ரோலில் ஓடினாலும். பேட்டரி கனத்தால் மின்சாரக் கார் கொஞ்சம் எடை கூடும், அதற்காக அதை வில்லனாக்கவும் வேண்டாம்.

ஆனால் பெட்ரோல் விற்பனை குறையக் குறைய அந்த வரி வருமானமும் குறையும், கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு யார் தார் ஊற்றுவது? நியூசிலாந்தில் 2024 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு 76 டாலர் (அவர்கள் டாலர்) என்று வாங்கத் தொடங்கிவிட்டார்கள். இங்கேயும் வருஷா வருஷம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது ஓடிய தூரத்தையும் குறித்து, எடைக்குத் தகுந்த மாதிரி வாங்கலாம். மீட்டரைத் திருத்துவான் என்பீர்கள். சிலர் திருத்துவார்கள்தான், பெட்ரோலிலும் கலப்படம் இல்லாமலா இருக்கிறது? முதலில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களில் தொடங்கட்டும். ஸ்கூட்டரையும் ஆட்டோவையும் இன்னும் சில வருஷம் தொட வேண்டாம், அப்புறம் அந்தப் படகு டீசலில் இருக்கிற சாலை செஸ்ஸை இந்த பட்ஜெட்டிலேயே எடுத்துவிடலாம்.