விடுமுறைச் சீட்டும் போலிக் அமிலக் குளிசையும்

மட்டக்களப்பில் ஒரு பெண் தாயாகப் போகிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து அவளைக் கவனிப்பதில் எந்த வீடும் குறை வைப்பதில்லை. ஆனால் அந்தக் கவனிப்பு பெரும்பாலும் பிந்தித்தான் தொடங்குகிறது என்பதே என் கருத்து.

கருவின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக்குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களுக்குள் மூடிவிடுகிறது. மாதவிடாய் தள்ளிப்போய், இன்னும் சில நாள் பொறுத்துப் பார்த்து, தாயிடம் சொல்லி, பிறகு குடும்ப நல உத்தியோகத்தரிடம், அதாவது மருத்துவ மாதுவிடம், பதிவு செய்யும்போது அந்த நாட்கள் அநேகமாகக் கடந்திருக்கும். அதனால்தான், நரம்புக்குழாய் சரியாக மூட உதவும் விட்டமினான போலிக் அமிலத்தைத் தினமும் 400 மைக்ரோகிராம் வீதம், கருத்தரிப்பதற்கு ஒரு மாதத்துக்கு முன்பாவது தொடங்கி, கர்ப்பத்தின் 12ஆவது வாரம்வரை எடுக்கச் சொல்கிறார்கள். கருவைப் பாதிக்கக்கூடிய ருபெல்லா நோய்க்கான தடுப்பூசியையும் கர்ப்ப காலத்தில் போட முடியாது. போட்ட பின்னரும் ஒரு மாதம் கருத்தரிக்காமல் இருக்க வேண்டும்.

வாவிக்குக் கிழக்கேயுள்ள எழுவான்கரையானாலும் மேற்கேயுள்ள படுவான்கரையானாலும், நம் வழக்கப்படி மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருகிறார். எனவே புதுமணப்பெண் அறிமுகமில்லாத ஊரில், அறிமுகமில்லாத மருத்துவ மாதுவைத் தேடிப் போக வேண்டியதில்லை. புதுமணத் தம்பதியருக்கான பரிசோதனையும் ஆலோசனையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் ஊடாக இலவசமாகவே கிடைக்கின்றன. இவ்வளவு வசதி இருந்தும், கல்யாணம் முடித்த கையோடு அங்கே போனால் ஊர் என்ன நினைக்கும் என்ற கூச்சம் பலரைத் தடுக்கிறது. மூன்றாம் மாதமே "விசேஷம் ஏதும் இல்லையா?" என்று கேட்கும் மாமிமாருக்கு அந்தக் கூச்சம் இல்லை என்பது வேறு கதை.

கணவன் கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் குடும்பங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் விடுமுறையில் நிற்கும் குறுகிய காலத்துக்குள் கரு தங்கிவிட வேண்டும் என்று வீடே எதிர்பார்க்கிறது. இந்த நெருக்கடி எனக்குப் பிடிக்காதது. ஆனாலும் இதில் ஒரு வாய்ப்பு உண்டு. அவர் வரும் திகதி முன்கூட்டியே தெரியும் என்பதால், விமானச் சீட்டு எடுத்த அன்றே மனைவி குளிசையைத் தொடங்கலாம்; குருதிச்சோகை, நீரிழிவு, குருதியமுக்கம் ஆகியவற்றையும் பார்த்துக்கொள்ளலாம். வலிப்புக்கு மருந்து எடுப்பவர் அதைத் தானாக நிறுத்திவிடாமல் வைத்தியரிடம் பேச வேண்டும். வல்புரோயேட் போன்ற மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், மாற்றுவதற்கு முன்கூட்டியே அவகாசம் தேவை.

இதெல்லாம் பெண்ணின் வேலை மட்டுமல்ல. மச்சானும் மச்சாளும் மணமுடிக்கும் நம் ஊர்களில், தலசீமியா என்ற பரம்பரைக் குருதி நோயின் காவியா (நோயில்லாமலே அதன் மரபணுவைச் சுமப்பவரா) என்று இருவருமே பார்த்துக்கொள்வது அவசியம். இருவரும் காவிகளானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு அந்நோய் வருவதற்கு 25 சதவீத வாய்ப்பு உண்டு. சாதாரண குருதிப் பரிசோதனையிலேயே முதற் சந்தேகம் தெரிந்துவிடும் என்றாலும், ஊசிக்குக் கை நீட்டப் பெரும்பாலும் பெண்தான் அனுப்பப்படுகிறாள். எழுத்துக்கு, அதாவது திருமணப் பதிவுக்கு, முன்பே இருவரும் இதைச் செய்வது நல்லது என்பேன். அழைப்பிதழ் அச்சிட்ட பிறகு எந்த வீட்டிலும் அந்தப் பேச்சை எடுக்க முடியாது.