பூச்சாண்டியைக் காட்டிப் பிள்ளையை அடக்காதீர்கள்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் விசைப்படகுகள் கடலுக்குப் போய்விட்டால் எங்களுக்கு இருக்கும் முதல் பயம், இலங்கைக் கடற்படை யாரையும் பிடித்துவிடக் கூடாதே என்பதுதான். வாட்ஸ்அப்பில் செய்தி வந்ததும் வீட்டில் எல்லோர் முகமும் மாறிவிடும். மூன்று வயதுப் பிள்ளையிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை. அது அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பால்வாடிக்கு வருகிறது. அன்றைக்குக் கடிக்கும், தள்ளும், சோற்றைத் தட்டிவிடும். நாம் உடனே 'அடங்காப்பிடாரி' என்று பேர் வைத்துவிடுகிறோம்.

கோபத்தை அடக்கவும் பொறுத்திருக்கவும் உதவுகிற மூளையின் முன்பகுதி முழுசாக வளர இருபது வயதைத் தாண்ட வேண்டும். மூன்று வயதில் தானாக அடங்கு என்றால் எப்படி? பக்கத்தில் இருக்கும் பெரியவர் நிதானமாக இருந்தால்தான் பிள்ளையும் நிதானத்துக்கு வரும். அதட்டினால் அழுகை நிற்கும், பயம் போகாது. அதிலும், அப்பாவை நிஜமாகவே பிடித்துக்கொண்டு போகிற ஊரில் "பூச்சாண்டி பிடிச்சுட்டுப் போயிடுவான்" என்று சொல்ல எப்படி மனசு வருகிறது?

ஒரு பால்வாடியில் பார்த்தேன். தன் கட்டையைப் பிடுங்கியவனை அடிக்கக் கை ஓங்கினான் ஒரு பொடியன். டீச்சர் தரையில் உட்கார்ந்து அந்தக் கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டார். "கோபம் வந்துருச்சா தம்பி? உன் கட்டையை எடுத்துட்டான்ல?" அவனுக்கு உதடு துடித்தது, தலையாட்டினான். "சரி, வா, சங்கு ஊதுவோம்." இருவரும் கையைக் குவித்து வாயில் வைத்து நீளமாக ஊதினார்கள். மூச்சை நீட்டி விட்டால் நெஞ்சுப் படபடப்பு குறையும். அவன் தோள் தளர்ந்தது. அப்புறம்தான், "அடிக்கக் கூடாது, என் கட்டையைக் குடுன்னு கேளு" என்றார். இந்தச் சங்கு ஊதலைப் பிள்ளைகள் சந்தோஷமாக இருக்கும்போதே விளையாட்டாகப் பழக்கி வைத்திருக்கிறார். அழுது புரளும்போது புதுசாக எதையும் சொல்லிக்கொடுக்க முடியாது.

குலைகுலையா முந்திரிக்காயும் இதே பயிற்சிதான். துணி தன் முதுகுக்குப் பின்னால் விழும்வரை எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருப்பது சின்னப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய வேலை! அதையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு எல்.கே.ஜி.யிலேயே வீட்டுப்பாடம் கேட்கிறோம்.

அங்கன்வாடித் திட்டம் தொடங்கியது 1975-இல். இன்றைக்கும் எடை, உயரம், சாப்பாடு, பதிவேடு, போனில் பதிவேற்றம் என்றே டீச்சரின் பொழுது போகிறது. பிள்ளையோடு தரையில் உட்கார அவருக்கு நேரம் கொடுங்கள் என்று பெற்றோர் நாம்தான் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுக்குப் போகிற அப்பாமார் கரையில்தான் இருப்பார்கள். கையில் காசு இல்லாத நாள்கள், வீட்டில் சண்டையும் கூடும், தெரியும். இருந்தாலும் சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து கொஞ்ச நேரம் சங்கு ஊதுங்கள் அண்ணே.