ஆண்டுத் தேர்வு போய்விடவில்லை

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "பள்ளிக் கண்காணிப்பு முழுக்க மாநிலங்கள் கைக்குப் போய்விட்டது, இனி ஆண்டுத் தேர்வு கட்டாயமில்லை."

இதில் பாதி சரி. 2015 டிசம்பரில் ஒபாமா கையெழுத்திட்ட 'எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்' என்ற, நாடு முழுவதற்குமான பள்ளிக் கல்விச் சட்டப்படி, இலக்கு என்ன, பின்தங்கிய பள்ளியை எப்படித் தூக்கிவிடுவது என்பதை மாநிலமே முடிவு செய்யலாம். 2014-க்குள் எல்லா மாணவரும் தேர்ச்சி என்ற பழைய சட்டத்தின் நடக்காத கெடுவும் ஒழிந்தது. நல்லதுதான்.

ஆனால் தேர்வு அப்படியே இருக்கிறது. 3 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆண்டுதோறும், உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறை, வாசிப்பும் கணிதமும் கட்டாயம். 2020இல் கொரோனாவுக்காகக் கொடுத்த விலக்கு அந்த ஆண்டுக்கு மட்டும்தான். முடிவுகளை இனம், வறுமை, மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்போர் என்று பிரித்தும் வெளியிட வேண்டும். பள்ளியின் சராசரி நன்றாக இருந்தாலும் உள்ளே எந்தப் பிள்ளைகள் பின்தங்குகிறார்கள் என்பது இதில்தான் தெரியவரும். இது போய்விட்டது என்று பெற்றோர் நம்பினால் இழப்பு அந்தப் பிள்ளைகளுக்குத்தான்.

சட்டத்தின் 1111ஆம் பிரிவைப் பாருங்கள். மாநிலக் கல்வித் துறை இணையதளத்தில் பள்ளிவாரி அறிக்கையும் கிடைக்கும். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் திருத்தம் போட்டுவிடுங்கள்.