41 நாள் குடியை நிறுத்தியது யார்?

கார்த்திகை பிறந்து ஆண்கள் சபரிமலைக்கு மாலை போட்டதும் நம் ஊரில் பல வீடுகளுக்கு நிம்மதி வந்துவிடும். ஆண்டு முழுக்கக் குடித்தவர் நிறுத்திவிடுவார். சிகரெட் கிடையாது, அசைவம் கிடையாது, வாயில் கெட்ட வார்த்தை கிடையாது. விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளியல், வெறுங்கால், தரையில் படுக்கை. (மூன்று நாள் விரதத்தோடு மலையேறுகிறவர்களும் இப்போது உண்டு. நான் பேசுவது 41 நாளும் முறையாக இருப்பவர்களைப் பற்றி.) அப்படி இருந்தவர்களில் எத்தனையோ பேர் மலையிலிருந்து திரும்பி மாலையைக் கழற்றிய அன்று இரவே பாட்டிலைத் திறக்கிறார்கள். கேட்டால், "கழுத்தில் சாமி இருந்தார், தொடவில்லை. இப்போது என்னால் முடியவில்லை" என்கிறார்கள்.

நானும் மாலை போடுகிறவன். ஐயப்பனை முழுமனதாக நம்புகிறவன். அதனாலேயே இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த 41 நாளும் டாஸ்மாக் கடை அதே இடத்தில் திறந்துதான் இருந்தது. சட்டைப் பையில் பணமும் இருந்தது. யாரும் அவர் கையைக் கட்டிவைக்கவில்லை. அவர்தான் கடையைத் தாண்டி நடந்தார். அந்த நடை அவருடையது. அதையும் சாமி கணக்கில் எழுதிவிட்டு, தனக்குத் திராணியே இல்லை என்று சொல்வது பக்தியாகாது.

"எல்லாம் மனஉறுதிதான், கடவுளுக்கு இதில் என்ன வேலை?" என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. அதே மனிதர் மனைவி தலையில் அடித்துச் செய்த சத்தியம் ஒரு வாரம்கூட நிற்கவில்லையே! விரதம் நிற்கிறது. ஏன்? "இன்று மட்டும் கொஞ்சம்" என்று மனத்தோடு பேரம் பேசும் வேலையே அதில் இல்லை. மாலை போட்ட அன்றே முடிவு எடுத்தாகிவிட்டது. கால் கடைப்பக்கம் இழுக்கும் அந்தி நேரத்தில் பூஜையும் பஜனையும் இருக்கின்றன. கூடக் குடிக்கும் நண்பர்கள் கூப்பிடுவதில்லை. எல்லாவற்றையும்விட, பத்து மாதமாகக் குடிகாரன் என்று ஏச்சு வாங்கியவரைப் பெற்ற பிள்ளையே "சாமி" என்று அழைக்கிறது. டீக்கடையில் "சாமிக்கு ஒரு டீ" என்கிறார்கள். மனைவி "சாமி, சாப்பிட வாங்க" என்கிறாள். மரியாதை கிடைத்ததும் மனிதன் நிமிர்கிறான். அருள் இப்படித்தான் வேலை செய்கிறது என்று நான் நம்புகிறேன்.

வைணவத்தில் இதைப் பற்றிப் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல் பக்தனும் பற்ற வேண்டும் என்றது வடகலை. தாய்ப்பூனை குட்டியைக் கவ்விச் செல்வதுபோல் இறைவனே தூக்கிச் செல்வான் என்றது தென்கலை. மோட்சத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் யார்? குடியை விடும் விஷயத்தில் மட்டும் குட்டிதான் பற்றிக்கொள்ள வேண்டும் என்பேன். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்பதற்காக 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் முதல் படி, மதுவின் முன் நாம் சக்தியற்றவர்கள் என்று ஒப்புக்கொள்வது. மூன்றாவது படியோ, நம் சித்தத்தை இறைவனிடம் ஒப்படைக்க முடிவெடுப்பது. முடிவெடுக்க வேண்டியவன் மனிதன். சரணாகதியை நமக்காக இன்னொருவர் செய்ய முடியாது. அந்த இயக்கத்தார் ஆண்டு முழுவதும் கூடுகிறார்கள். நம் விரதத்துக்கோ முடிவுத் தேதி இருக்கிறது. ஆள் சறுக்குவதும் அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தினமும் மிகுதியாகக் குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் வரலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பும், அதையடுத்துச் சித்தக் குழப்பமும் வரலாம், உயிரே போகலாம். அது தெய்வக் குற்றமும் இல்லை, அருள் வந்து ஆடுவதும் இல்லை. அப்படிப்பட்டவரை மாலை போடுவதற்கு முன்பே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரை சாப்பிட்டால் விரதம் கெடாது.

குருசாமிகளை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இருமுடி கட்டும்போதே, குடியை நிறுத்தியிருக்கும் ஒவ்வொரு சாமியிடமும் "மாலையைக் கழற்றிய மறுநாள் அந்தியில் எங்கே இருப்பீர்கள்?" என்று கேளுங்கள். தை பிறந்த பிறகும் சனிக்கிழமை பஜனையை நிறுத்தாதீர்கள், அவர்களை வீட்டுக்கே போய் அழைத்து வாருங்கள். வீட்டில் இருப்பவர்களே, மாலை போன மறுநாளே பழைய பெயரைச் சொல்லி ஏசத் தொடங்காதீர்கள். எங்கள் குழுவில் இந்தக் கார்த்திகைக்கு முன்பே இதைப் பேசப்போகிறேன். உங்கள் ஊரிலும் பேசுங்கள்.